உன் பட்டியல் கிடைத்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், அதனுடன் நீ வைத்திருந்த நான்கு பக்க உதிரிப் பாகப் பட்டியலும் வந்து சேர்ந்தன. கடிதத்தை ஒருமுறை படித்தேன். பட்டியலை மூன்று முறை படித்தேன். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் தொடங்கி முர்காப், கோரோக் வழியாக தஜிகிஸ்தானின் துஷான்பே வரை பாமிர் நெடுஞ்சாலை முழுவதையும் உன் டீசல் டிரக்கிலேயே கடக்கப் போகிறாய், தங்கையும் உடன் வருகிறாள் என்ற வரியில் சிறிது நேரம் நின்றுவிட்டேன். இருபது வருடங்களாக நாம் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணங்களில் ஒன்றாவது உன் கையால் நடக்கப் போகிறது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

என் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நடக்கிறேன், படியேறுகிறேன். நாள் முழுவதும் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் பழைய டிரக்கைப் போன மாதம் விற்றுவிட்டேன். வாங்கியவர்கள் ஓர் இளம் தம்பதி. சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு முழு நாள் அவர்கள் இருவரையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தேன். டீசல் ஃபில்டரை அவர்களே கழற்றி மாட்டினார்கள், டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார்கள், ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள், டயரை விளிம்பிலிருந்து பிரித்துத் திரும்பச் சேர்த்தார்கள். மாலையில் அந்தப் பெண்ணின் கையெல்லாம் கிரீஸ். அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்த பிறகுதான் எனக்கு வண்டியைக் கொடுக்க மனம் வந்தது.

உன் பட்டியலைப் பற்றி நான் சொல்ல வந்ததும் அதுதான். அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பார்: இதை என் கையால் ஒருமுறையாவது மாட்டியிருக்கிறேனா? இல்லை என்றால் கிளம்புவதற்குள் மாட்டிப் பார்த்துவிடு. மாட்டவே முடியாத பொருள் என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிடு. நான் அப்படிக் கேட்டுக்கொண்டு போனதில் உன் பட்டியலில் ஏறக்குறைய பாதியை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அடித்தது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்த நான்கு இன்ஜெக்டர்களை. உன் வண்டி காமன் ரெயில் இன்ஜின், ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் இருக்கும் டீசலைக் கணினி ஒவ்வொரு இன்ஜெக்டர் வழியாகவும் விடும் வகை. நாம் இளமையில் கற்றுக்கொண்ட இன்ஜின் வேறு, இது வேறு. இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதன் மேல் பொறித்த ஒரு குறியீடு உண்டு. புதிதாக மாட்டினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக வண்டியின் கணினிக்குள் ஏற்ற வேண்டும். உயர் அழுத்தக் குழாய்களை ஒருமுறை கழற்றினால் பல தயாரிப்புகளில் புதிய குழாய்தான் போட வேண்டும். உள்ளே இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான் அளவு. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் ஒன்று போதும். 4,000 மீட்டர் உயரத்தில், புழுதிக் காற்றில், சாலையோரத்தில் அதைச் செய்ய முடியாது. அந்தப் பணத்தில் பாதியைச் செலவழித்து ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கு. பிழைக் குறியீட்டைப் படிப்பதோடு நிற்காமல் எரிபொருள் அழுத்தம், பேட்டரி மின்னழுத்தம், கூலண்ட் வெப்பம் ஆகியவற்றை ஓடும்போதே காட்டுகிற ஸ்கேனராக இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை மறந்துவிடாதே. பழைய இன்ஜினில் ஏர் பிடித்தால் நாம் என்ன செய்வோம்? நாசில் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் பீறிடும்வரை பார்த்து இறுக்குவோம். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறியிருக்கிறது. காமன் ரெயிலில் அதைச் செய்யவே செய்யாதே. குழாய்க்குள் அழுத்தம் 1,600 பாரிலிருந்து 2,000 பாருக்கு மேலும் போகும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). டயரில் நாம் அடைக்கும் காற்று 2 அல்லது 3 பார்தான் என்பதை நினைத்துப் பார். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். மருத்துவமனை ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் இடத்தில் அந்த ஆபத்துக்குப் போகாதே. உன் வண்டியில் ஃபில்டருக்கு மேல் கைப் பம்ப் இருக்கிறதா, அல்லது சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து டேங்க் பம்பை ஓடவிட வேண்டுமா என்பதை இப்போதே கையேட்டில் பார்த்து, செய்தும் பார்த்துவிடு.

சரி, எதைக் கூடுதலாக எடுக்க வேண்டும்? டீசல் ஃபில்டரைத்தான். நீ இரண்டு என்று எழுதியிருக்கிறாய். ஐந்து எடுத்துக்கொள், ஆறானாலும் சரி. ஏன் என்று சொல்கிறேன்.

11 ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் நான் போனேன். ஓஷிலிருந்து முர்காப் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் அக்பைட்டால் கணவாய், 4,655 மீட்டர். வழியில் ஓரிடத்தில் பீப்பாயிலிருந்து வாளியால் அளந்து ஊற்றிய டீசலை வாங்கினேன். ஊற்றியவர் நல்ல மனிதர். பீப்பாயின் அடியில் என்ன இருந்தது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. அறுபது கிலோமீட்டர் போன பிறகு ஏற்றத்தில் இழுவை குறைந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், பிறகு நின்றேவிட்டது. ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்தேன். முதலில் வந்தது டீசலே இல்லை, தண்ணீர். அதன் பின்னால் துருவும் சகதியும். புது ஃபில்டர் மாட்டினேன், ஓடியது. மறுநாள் அதுவும் அடைத்தது. என்னிடம் இருந்தவை இரண்டே இரண்டு. அன்று இரவு டேங்கை முழுவதும் கேன்களில் இறக்கி, அசையாமல் விடியும்வரை வைத்தேன். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்து, துணியில் வடிகட்டி, பழைய ஃபில்டரைக் கழுவி மாட்டி, மிக மெதுவாக முர்காப் போய்ச் சேர்ந்தேன். என் வண்டி மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய டீசல். அந்த அசுத்தத்தைப் பொறுத்துக்கொண்டது. உன் காமன் ரெயில் பம்ப் பொறுத்துக்கொண்டிருக்காது. அந்தப் பம்புக்குள் அசையும் பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். தண்ணீர் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். உரசிய தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் பரவும். டேங்க் காலியாகும்வரை ஓட்டக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

ஆகவே டீசல் விஷயத்தில் மூன்று காவல் வை. வெளியே, டேங்கில் ஊற்றும்போதே, தண்ணீரைத் தடுக்கும் வலை வைத்த புனல். மெதுவாகத்தான் இறங்கும், அந்த நேரத்தை ஒதுக்கிக்கொள். சந்தேகமான இடத்தில் முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி, சில நிமிடம் வைத்துப் பார். கலங்கலாக இருந்தாலோ அடியில் கோடு தெரிந்தாலோ அந்த டீசல் வேண்டாம். அடுத்தது, டேங்குக்கும் மெயின் ஃபில்டருக்கும் நடுவே, தண்ணீரைப் பிரிக்கும் ஒரு முன் ஃபில்டர். சுமார் 30 மைக்ரான் அளவுள்ளது போதும். அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தினமும் காலையில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கடைசிக் காவல் வண்டியின் சொந்த ஃபில்டர். அதை மாற்றும்போது புது ஃபில்டரின் நடுத்துளையில் டீசலை ஊற்றி நிரப்பும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடு. நடுத்துளை சுத்தமான பக்கம், அங்கே ஊற்றுவது வடிகட்டாமலே பம்புக்குப் போகும்.

டீசலின் கந்தகமும் உன் வண்டிக்கு ஒரு கேள்விதான். ஐரோப்பியத் தரத்தில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது, அமெரிக்காவில் 15. உன் வண்டியின் புகை வடிகட்டியும் வினையூக்கியும் அந்த டீசலை நம்பிச் செய்தவை. பல நாடுகளில், அதுவும் ஊருக்கு வெளியே, அந்தத் தரம் கிடைப்பதில்லை. சில நாள் ஓடுவதால் இன்ஜின் நின்றுவிடாது, ஆனால் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். ஸ்கேனரிலிருந்தே அந்த வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கட்டளை கொடுக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள். அப்படி எரிக்கும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதே. புகையின் நச்சு வாயுவைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற திரவம் ஊற்றும் வண்டி என்பதால் போகும் தூரம் முழுவதற்கும் போதுமான அளவைக் கூடவே கொண்டு போ. அது 32.5 சதவீதம் யூரியா கலந்த நீர். உறைநிலை மைனஸ் 11 டிகிரி. வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். அது தீர்ந்தால் இன்ஜினைத் திரும்பக் கிளப்ப விடாத வண்டிகளும் உண்டு. பயணத்துக்காக இவற்றையெல்லாம் கழற்றி எறிந்துவிடலாம் என்று சிலர் உன்னிடம் சொல்வார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், எல்லையில் கேள்வி வரும், செய்யாதே.

குளிர் பற்றி ஒரு வரி. மேலே கோடையிலும் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். கோடைக்கால டீசல் குளிரில் மெழுகுபோல் திரண்டு ஃபில்டரை அடைக்கும். பழைய வண்டிகளில் மண்ணெண்ணெய் கலப்போம். அது வழவழப்பைக் குறைக்கும் என்பதால் உன் இன்ஜினுக்கு அது வேண்டாம், அதற்கென்று விற்கும் கலவையைத் திரளுவதற்கு முன்பே ஊற்றிவிடு.

இனி பாரத்தைப் பற்றி. இதைத்தான் உன்னிடம் உரத்துச் சொல்ல விரும்புகிறேன். உன் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் ஏற்றினால், கூடாரம், தண்ணீர், கூடுதல் டீசல், நீங்கள் இருவர் என்று கூட்டிப் பார்த்தால், வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைத் தாண்டுகிறாய். நான் கணக்குப் போட்டேன். உண்மையில் எவ்வளவு என்பதை எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பார். பாழடைந்த சாலையில் வண்டிகளை முறிப்பதில் அதிக பாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அலை அலையாய் மடிந்த மண் சாலையை நினைத்துப் பார். ஆஸ்திரேலியாவின் கானிங் ஸ்டாக் ரூட் சுமார் 1,850 கிலோமீட்டர், அதில் பல நீண்ட பகுதிகள் அப்படித்தான். ஒவ்வொரு மடிப்பிலும் ஷாக் அப்சார்பர் ஒருமுறை அமுங்கி எழுகிறது. அதனுள் இருக்கும் எண்ணெய் சூடேறி இளகுகிறது, பிறகு சீல் போகிறது, பிறகு அந்த அடியெல்லாம் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கு வருகிறது. பின் பட்டை முறிவது அப்படித்தான். கெட்டுப்போகும் என்று பயந்து ஏற்றும் உதிரிப் பாகங்களே வண்டியைக் கெடுத்துவிடும், நண்பா. எனவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்து. இறங்கி ஷாக் அப்சார்பருக்கு அருகே கையைக் கொண்டு போ. தொட முடியாத அளவு கொதித்தால் அரை மணி ஓய்வு கொடு. அப்படியே நான்கு சக்கரங்களின் நடுவிலும் கை வை. மூன்று இதமாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அந்த வீல் பேரிங்கோ பிரேக்கோ உன்னிடம் ஏதோ சொல்கிறது. நான் பார்த்ததில் இதைவிட நல்ல கருவி எதுவும் இல்லை.

பட்டைக்காக எடுக்க வேண்டியவை இரண்டு சென்டர் போல்ட், ஒரு ஜோடி யூ போல்ட். முழுப் பட்டை வேண்டாம். பட்டை முறிந்தால் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டையை வைத்து வரிந்து கட்டி மெதுவாக ஊர் சேரலாம். அதற்கு ஒரு நல்ல மரக்கட்டையும் இழுத்துக் கட்டும் ராட்செட் நாடாக்களும் போதும்.

மின் பக்கம் நீ கவனித்திருப்பது போதாது. எல்லாவற்றையும் கணினி நடத்துகிற இன்ஜினில் உள்ளங்கை அளவு சென்சார் ஒன்று போனால் மொத்த வண்டியும் நின்றுவிடும். இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் ஒன்று வாங்கு; பெரும்பாலும் ஒரே போல்டுதான், ஆனால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இப்போதே கண்டுபிடித்துக் கழற்றி மாட்டிப் பார். ஃபியூஸ், ரிலே, ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர். இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று பொருள். குலுங்கும் சாலையில் முதலில் தளர்வது, பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள். செல்ஃப் திணறினால் பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பார்.

ரேடியேட்டர் மூடியைப் புதிதாக மாற்றிவிடு. சிறிய பொருள் என்று ஒதுக்காதே. அக்பைட்டால் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். உன் இன்ஜின் அதைவிடச் சூடாக ஓடியும் கூலண்ட் கொதிக்காமல் இருப்பது அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பெல்ட் மூன்றையும் இப்போதே புதிதாக மாட்டிவிட்டு, கழற்றிய பழையவை நன்றாக இருந்தால் அவற்றையே உதிரியாக எடுத்துக்கொள். ஏற்கெனவே உன் வண்டியில் பொருந்தி ஓடியவை, அளவு தவறாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் இரண்டு சுருள் எடு.

டயருக்கு ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் ஒட்டும் குச்சிகள், கம்ப்ரஸர், வால்வு ஊசிகள். இதில் உன் பட்டியல் சரியாக இருக்கிறது.

காகிதங்களில் ஒன்றை நீ யோசிக்கவில்லை. ஒருவேளை வண்டி சரிசெய்யவே முடியாமல் போனால்? அந்நிய நாட்டில் உன் வண்டி தற்காலிக இறக்குமதிதான். கார்னே என்ற தற்காலிக இறக்குமதிச் சுங்க ஆவணத்தைக் கேட்கும் நாடுகளில் வண்டியை விட்டுவிட்டு வந்தால், அது இரும்புக் குவியலாகக் கிடந்தாலும், இறக்குமதி செய்ததாகவே கணக்கு. வரி உன் தலையில் விழும். ஆகவே லாரியில் ஏற்றி எல்லைவரை கொண்டுவர ஆகும் செலவைத் தனியாக ஒதுக்கி, அதைத் தொடாமல் வை. நீ கடக்கப் போகும் தஜிகிஸ்தானின் கோர்னோ படக்‌ஷான் பகுதிக்குத் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். இன்ஜின் எண், இன்ஜின் வகைக் குறியீடு, முக்கியப் பாகங்களின் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தங்கையின் பையிலும் ஒரு பிரதி வை. ஒரே பெயரில் விற்கும் வண்டிக்கு ஒவ்வொரு நாட்டிலும் வேறு இன்ஜின் போடுகிறார்கள். பெயரைச் சொல்லிப் பாகம் கேட்டால் தவறானது வந்து சேரும்.

செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி வாங்கியிருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இரிடியம் வலைப்பின்னலில் 66 செயற்கைக்கோள்கள் பூமி முழுவதையும் சுற்றிவருகின்றன, மலை மறைக்காத வானம் இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு நாட்டின் விதியையும் நுழைவதற்கு முன் பார். இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியின்றி இதை வைத்திருந்தாலே கைது செய்யக்கூடும். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கும், தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவதும் வண்டிதான். தினமும் இரவு ஒரு வரி எனக்கு அனுப்பு. எந்த நேரத்துக்குள் வராவிட்டால் நான் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடு.

தங்கை ஏன் பட்டியலில் எங்கும் இல்லை? ஃபில்டர் மாற்றுவதையும் ஸ்டெப்னி மாற்றுவதையும் அவளும் செய்திருக்க வேண்டும். உனக்கு உயரத்தில் தலை சுற்றிப் படுத்துவிட்டால் வண்டியை இறக்கிக் கொண்டுவரப் போவது அவள்தான். ஓட்டிப் பழகட்டும், முழுப் பாரத்துடன், இறக்கத்தில்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வண்டியோடு இங்கே வாருங்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வா, எடைமேடை வழியாகவே வா. காலையில் உங்களைத் தேநீர் குடிக்க உள்ளே அனுப்பிவிட்டு நான் வண்டியில் ஏதோ ஒன்றைப் பிடுங்கி வைப்பேன். ஃபியூஸாகவும் இருக்கலாம், எர்த் கேபிளாகவும் இருக்கலாம், ஃபில்டருக்கு மேலே ஒரு குழாயில் காற்று நுழையவும் விட்டிருப்பேன். எதை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இருவரும் உங்கள் பையில் இருக்கும் ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். நான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருட்டினாலும் பரவாயில்லை, தலையில் கட்டும் விளக்கை எடுத்துவர மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்